அளவுகருவியின் பிழை நாடல்

வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றிப் பேரூரைத் தழுவி, கோவை மாநகரையும் திருப்பூரையும் ஊடறுத்துச் சென்று, கரூர் மாவட்டத்தில் தன் பெயரையே தாங்கி நிற்கும் ஊரருகே காவிரியோடு கலப்பது நொய்யலாறு. காஞ்சிமாநதி என்பது இதன் பழம்பெயர். பதிற்றுப்பத்தில் கொடுமணம் எனக் குறிக்கப்பெறும் ஊர், இவ்வாற்றங்கரையிலுள்ள கொடுமணலே என்பர் அறிஞர். அங்கு நிகழ்ந்த அகழாய்வில் நிறமணிகளும், இரும்புருக்கிய உலைகளின் எச்சங்களும், பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகளும் வெளிப்பட்டன.

அத்தகைய ஆறு, சென்ற நூற்றாண்டின் இறுதியில், பின்னலாடைத் தொழில் பெருகப் பெருகச் சாயநீர் ஓடும் வாய்க்காலாக மாறிற்று. பாசனத்தின் பொருட்டு 1992-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குளமாயிற்று. உழவர் பெருமக்கள் நீதிமன்றத்தை நாடினர். 2011-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. கழிவுநீரைத் தூய்மை செய்து மீளவும் தொழிலுக்கே பயன்கொள்ளும் ஏற்பாடுகள் அமைந்த பின்னர், பட்டறைகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன.

ஆற்றின் வரலாற்றைக் கூறுதல் ஈண்டு நம் நோக்கமன்று. அவ்வாற்றுக்கும், அதனை நம்பி வாழும் மக்களுக்கும், ஓசையின்றிக் காவல் நிற்கும் சிறு கருவி ஒன்று உண்டு. ஓர் அடிசில் பெட்டியினும் பெரிதாகாத அக்கருவிக்குப் பி.எச். மானி என்று பெயர். காவற்காரனே கண்ணயர்ந்தால் யாது நிகழும், அவன் கண்ணயர்ந்தான் என்பதை எங்ஙனம் அறிவது, அவனை எங்ஙனம் எழுப்புவது என்பனவே இங்குக் கூறப்புகுவன.

நீர் புளிப்புடையதா, காரமுடையதா என்பதை எண்ணால் குறிக்கும் முறையை 1909-ஆம் ஆண்டில் சோரன்சன் என்னும் டென்மார்க்கு நாட்டு அறிஞர் வகுத்தார். பெரும்பாலும் அவ்வெண் 0 முதல் 14 வரை அமையும். 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழ்ப்பட்டவை அமிலம், மேற்பட்டவை காரம். ஓர் எண் ஏறினால் காரத்தன்மை பதின்மடங்கு பெருகும் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 8-க்கும் 10-க்கும் இடையிலுள்ள வேறுபாடு இரண்டன்று, நூறு மடங்கு.

பருத்தி இழையில் சாயம் அழுந்தப் பற்றவேண்டுமாயின், சாயத்தொட்டியில் சோடா உப்பிட்டு நீரைக் காரமாக்குவர். எண் 11-ஐ அண்மும். சற்றே குறையினும் கூடினும் துணியில் நிறம் திட்டுத் திட்டாக விழும். ஒரு தொட்டித் துணி முழுதும் வீணாகும். சாயமேறிய பின்னர் எஞ்சும் நீரை அமிலம் கலந்து நடுநிலைக்குக் கொணர்ந்தே தூய்மை நிலையத்துக்கு அனுப்புதல் வேண்டும். அங்கே பெருந்தொட்டிகளில் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வளர்க்கப்படுகின்றன. கழிவை உண்டு கரைப்பது அவற்றின் பணி. காரம் மிகுந்த நீர் திடீரெனப் புகுமாயின் அவை மடியும். மடிந்தவற்றை மீண்டும் வளர்த்தெடுக்க நாள்கள் பல ஆகும். நம் நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள், கழிவுநீருக்குரிய பொது வரம்பை 5.5 முதல் 9 வரை என வரையறுத்துள்ளன. (நொய்யலைக் கெடுத்தவற்றுள் உப்பின் பங்கு பெரிது, உப்பை இம்மானி அளந்து காட்டாது. அதற்கு வேறு கருவி உண்டு. ஒரு காவற்காரன் எல்லா வாயில்களையும் காத்தல் இயலாதன்றோ?)

இனி, பி.எச். மானி என்பது உண்மையில் யாது? பெயர் எதுவாயினும், அது நுண்ணிய மின்னழுத்தத்தை அளக்கும் ஒரு வோல்ட்டுமானியே ஆகும். மெல்லிய கண்ணாடிக் குமிழ் ஒன்றை நீரில் தோய்த்தால், உள்ளிருக்கும் நீர்மத்துக்கும் வெளியிருக்கும் நீருக்கும் இடையே சிறிதளவு மின்னழுத்தம் தோன்றும். இக்கண்ணாடி மின்முனையை 1909-இல் ஆபர், கிளமென்சீவிச் என்னும் இருவர் ஆராய்ந்து விளக்கினர். நீரின் எண் 7 ஆயின் மின்னழுத்தம் சுழி. 7-லிருந்து ஒவ்வோர் எண் விலகும்போதும், 25 பாகை வெப்பத்தில், ஏறத்தாழ 59 மில்லிவோல்ட்டு தோன்றும். அமிலத்தில் நேர்க்குறி, காரத்தில் எதிர்க்குறி. எண் 10 உடைய நீரில் எதிர்க்குறியோடு ஏறத்தாழ 177 மில்லிவோல்ட்டு எழும். ஒரு வோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

அழுத்தம் சிறிதாயிருத்தல் ஒரு பொருட்டன்று. கண்ணாடியின் வழியே மின்சாரம் எளிதிற் செல்லாமையே பெருந்தொல்லை. அக்குமிழின் மின்தடை 10 கோடி ஓம் அளவில் இருக்கும். சிலவற்றில் அதனினும் மிகும். இதனை விளக்க நம் கொங்கு நாட்டுக் கிணற்றையே எடுத்துக்கொள்வோம். பாறையைக் குடைந்த ஆழ்கிணற்றில் மயிரிழை போன்ற ஊற்று ஒன்று கசிகிறது. ஊற்று எவ்வளவு உயரத்துக்கு நீரை ஏற்றவல்லது என்பதை அறியவேண்டும். ஒருவன் மறுபுறம் கவலை பூட்டி இறைத்துக்கொண்டே நீர்மட்டத்தை அளந்தானாயின், அவன் காண்பது வெறுங்கிணற்றின் அடியையே அன்றோ? பழைய முள் வோல்ட்டுமானிகள் அவ்வாறு இறைப்பவை. தம் முள்ளை அசைத்தற்கே மின்சாரத்தைப் பருகுபவை. ஆதலின் கண்ணாடிக் குமிழை அவற்றோடு இணைத்துப் பயனில்லை.

1934-இல் அமெரிக்காவில், எலுமிச்சம்பழச் சாற்றின் புளிப்பை அளக்க வேண்டுமென நண்பர் ஒருவர் கேட்க, ஆர்னால்டு பெக்மன் என்னும் வேதியியல் ஆசிரியர் வெற்றிடக் குழாய்களைக் கொண்டு, மின்சாரத்தைப் பருகாமலே மின்னழுத்தத்தை உணரும் கருவியை அமைத்தார். நம் ஊர்ச் சாயப்பட்டறை மேசைமேல் இருக்கும் பெட்டி அதன் வழித்தோன்றலே. வெற்றிடக் குழாய் இருந்த இடத்தில் இன்று டிரான்சிஸ்டர் அமைந்த சில்லு இருக்கிறது. நல்ல கருவியின் உள்வாயில், ஒரு இலட்சம் கோடி ஓமுக்குக் குறையாத தடையோடு மின்சாரத்தை மறிக்கும். கிணற்று உவமையிற் சொன்னால், ஒரு துளியும் இறைக்காமல் நீர்மட்டத்தை மட்டும் நோக்குதல்.

ஆனால் கிணற்றுச் சுவரிலே ஒரு விரிசல் இருந்தால்? இறைப்பவர் எவரும் இல்லாமலே நீர் அவ்வழியாக ஒழுகிப் போகும். ஊற்றுக்கு நிகராக விரிசலும் ஒழுக்குமாயின், நீர் பாதி உயரத்திலேயே நின்றுவிடும். மேலிருந்து நோக்குபவன், ஊற்றின் வலிமையே அவ்வளவுதான் என்று முடிவு கட்டுவான். கருவியினுள்ளும் இத்தகைய விரிசல் ஏற்படுவதுண்டு. அதனால் விளையும் பொய் எத்துணைக் கொடிது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நீரின் உண்மை எண் 10. மின்னழுத்தம் 177. ஒழுக்கின் தடையும் குமிழைப் போலவே 10 கோடி ஓம் ஆயின், கருவியை அடைவது பாதி. அதாவது 89-க்குச் சற்றுக் குறைவு. கருவி அதனை 8.5 என்று காட்டும். 9 வரை விடலாம் என்பது விதி. எனவே, ‘தடையில்லை, திறந்துவிடுக’ என்று காவற்காரன் கைகாட்டுகிறான். காட்டியதைவிட முப்பது மடங்குக்கு மேற்பட்ட காரம் நுண்ணுயிர்த் தொட்டியில் புகுகிறது. ஒழுக்கு முற்றுமாயின், எந்நீரில் தோய்த்தாலும் கருவி 7 என்றே சொல்லும். கெட்டுப்போன கருவி மௌனமாகிவிட்டால் கேடில்லை. இதுவோ, ‘எல்லாம் நலம்’ என்று சொல்லிக்கொண்டே கெடுகின்றது!

அளவை என்னும் சொல்லை நம் முன்னோர் இரு பொருளில் வழங்கினர். நாழியும் உழக்கும் அளவை. உண்மையை அறியும் வழியும் அளவை. சிவஞான சித்தியாரின் தொடக்கத்தில் பேசப்படுவது பின்னதே. காண்டல், கருதல், உரை என அது மூவகைப்படும். கண்ணாற் காண்பது காண்டல். மலைமேற் புகையைக் கண்டு அங்கே நெருப்புண்டு என உய்த்துணர்வது கருதல். அறிந்தோர் சொல்லை ஏற்பது உரை. அறிவுக்கு வரும் குற்றங்களுள் ஐயமும் திரிபும் தலையாயவை. அந்தியில் தொலைவில் தெரிவது கட்டையோ மனிதனோ எனத் தடுமாறுதல் ஐயம்; கயிற்றைப் பாம்பென்றே துணிதல் திரிபு. அளவுகருவியின் பிழைகளும் இவ்விரு வகையினவே. எண் ஒரு நிலையில் நில்லாது ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பின் அஃது ஐயம். இதனைக் குழந்தையும் கண்டுகொள்ளும். எண் அசையாமல் நின்று பொய்யைக் காட்டின் அது திரிபு. அசையாமையே நம்மை ஏமாற்றும்.

என்னிடம் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் பயின்ற ஒருவர், கோவையில் கணபதிப் பகுதியில் அளவுகருவிகளைப் பழுது பார்க்கும் சிறு பட்டறை நடத்திவருகிறார். ஓர் ஐப்பசித் திங்களில், அடைமழை விட்ட ஒரு முற்பகலில், அவரைக் காணச் சென்றிருந்தேன். திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றிலிருந்து இளைஞர் ஒருவர் பி.எச். மானி ஒன்றைப் பையிற் சுமந்து வந்து நின்றார்.

“இக்கருவியில் பழுதில்லை என்கிறார் எங்கள் மேலாளர். ஆனால் எங்கள் தொட்டியடியில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர், ‘எண் என்ன சொன்னால் என்ன, நீர் கையில் வழுக்குகிறது, காரம் குறையவில்லை’ என்று பிடிவாதமாகச் சொல்கிறார். இரண்டு வாரமாக இதே பேச்சு” என்றார் அவ்விளைஞர்.

காரநீர் தோலிலுள்ள எண்ணெய்ப் பசையைச் சவர்க்காரமாக்கும், ஆதலின் வழுக்கும். நாற்பது ஆண்டு அத்தொட்டிகளிடையே உழன்ற கை அதனை அறிந்திருக்கிறது. (மாணவர் எவரும் இதனைச் செய்து பார்த்தலாகாது, தோல் வெந்துவிடும். அப்பெரியவரின் கைகளும் வெந்த கைகளே.)

“சென்ற பங்குனியிலும் இதே கருவி என்னிடம் வந்தது, ஐயா. பிழை ஒன்றும் காணாமல் திருப்பி அனுப்பினேன்” என்றார் என் மாணவர். பிறகு இளைஞரை நோக்கி, “நாள்தோறும் செப்பம் செய்கிறீர்களா?” என்று வினவினார்.

“செய்கிறோம். எண் 7 உள்ள செப்ப நீரில் தோய்த்தால் சரியாக 7 காட்டுகிறது.”

“எண் 10 உள்ள செப்ப நீரில்?”

“அப்புட்டி தீர்ந்து பல நாள் ஆயிற்று.”

என் மாணவர் சிரித்தார். ஒழுக்குடைய கருவி 7-இல் மட்டும் ஒருபோதும் பொய் சொல்லாது என்பதை முன்னமே கண்டோம். சுழியில் பாதியும் சுழியே. விரிசல் உள்ள கிணற்றிலும் நீர் இல்லாதபோது ஒழுக்கு ஏது? ஆகவே 7-ஐ மட்டும் கொண்டு செய்யும் செப்பம், இவ்வகைப் பிழையை நாடுவார்க்குச் சிறிதும் உதவாது. இரண்டு எண்களிலேனும் செப்பம் வேண்டும். எண் 10 உள்ள செப்ப நீரின் புட்டியைத் திறந்து வைத்தால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உண்டு தன் எண்ணிலிருந்து மெல்ல இறங்கிவிடும். சாட்சியே பிறழ்ந்தால் வழக்கு என்னாகும்? எனவே அவர் புதிய புட்டிகளையே திறந்தார்.

முதலில் அவர் கருவியைத் தொடவில்லை. அதனோடு வந்த கண்ணாடி மின்முனையைக் கழற்றித் தம் மேசைமேலிருந்த நல்ல கருவியில் மாட்டினார். 4, 7, 10 ஆகிய மூன்று செப்ப நீரிலும் தோய்த்தார். மூன்றும் சரியாயின. மின்முனை குற்றமற்றது என்பது தெளிவாயிற்று. பழுதென்று வரும் பி.எச். மானிகளுள் மிகுதியும் பழுதற்றவை என்றும், உலர்ந்தும் கீறியும் போன மின்முனையே அவற்றின் நோய் என்றும் அவர் கூறினார். இதனை முதலில் நீக்காமல் பெட்டியைத் திறப்பவன், நலமாயிருப்பதைக் கெடுத்துவிடுவான். வெப்பநிலைத் திருத்தமும் முறையாகவே இருந்தது. சாயநீர் 60 பாகையில் கொதிப்பேறி இருக்கக் கருவியில் 25 என்றே விட்டுவைப்போரும் உளர். அப்போது ஓர் எண்ணுக்கு 59 அன்று, 66 மில்லிவோல்ட்டு என்பதை அவர் மறந்தவராவர்.

பின்பு கருவியின் உள்வாயிலை ஒரு கம்பித் துண்டால் குறுக்கே இணைத்தார். சுழி மில்லிவோல்ட்டு, 7. அடுத்து, துல்லியமான மின்னழுத்தம் வழங்கும் பெட்டியொன்றிலிருந்து எதிர்க்குறியோடு 177 மில்லிவோல்ட்டை நேரே செலுத்தினார். கருவி 10 என்று காட்டிற்று.

“சரியாகத்தானே இருக்கிறது!” என்றார் இளைஞர்.

“இங்கேதான், ஐயா, பங்குனியில் நான் ஏமாந்தேன்” என்று என்னை நோக்கிக் கூறினார் என் மாணவர். “இந்தப் பெட்டி வாய்க்கால் போன்றது. எத்தனை விரிசல் இருந்தாலும் நிரப்பிக்கொண்டே இருக்கும், மட்டம் இறங்காது. கண்ணாடிக் குமிழோ கசியும் ஊற்று. ஊற்றைப் போன்றதைக் கொண்டு சோதித்திருக்க வேண்டும். அன்று அவசரத்தில் அதனைச் செய்யாமல் விட்டுவிட்டேன்.”

தம் பிழையைப் பிறர் முன்னிலையில் ஒளியாது சொல்லிய அவர் பண்பு எனக்கு உவகை தந்தது. பேனா அளவேயான சிறு மின்தடை ஒன்றை எடுத்தார். 10 கோடி ஓம். கண்ணாடியுறையின் மேல் விரல் படாமல் அதன் முனைகளை மட்டும் பற்றியிருந்தார். விரல் வியர்வையே ஒழுக்குக்கு வழியாகிவிடுமாம். அதனை இடையில் வைத்து, அதே 177 மில்லிவோல்ட்டைச் செலுத்தினார். எண் 10-லிருந்து மெல்ல இறங்கத் தொடங்கிற்று. 9.6, 9.1, 8.7. இறுதியில் 8.5-இல் நின்றது.

இளைஞர் முகம் மாறிற்று. அவர் பட்டறையில் இரண்டு வாரமாகக் கண்ட எண் அதுவே போலும்.

நோய் உண்டென்பது தெளிந்தது. எவ்வளவு என்பதும் தெளிந்தது. பாதியாகக் குறைந்தமையால் ஒழுக்கின் தடையும் 10 கோடி ஓம். இது கருதலளவை. இனி எங்கே என்று காணவேண்டும். மின்கம்பித் தொடர்பை நீக்கி, மணிக்கட்டில் நிலத்தோடு இணைந்த பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தார். செயற்கை இழை ஆடை உரசினால் உடலிலேறும் நிலைமின்சாரம் ஒரு நொடியில் உள்வாயிற் சில்லைக் கொன்றுவிடும், அதற்கே அப்பட்டை. பின்னலாடை ஊரினின்று வந்த கருவி என்பதற்கு உள்ளே சான்று இருந்தது. வெண்ணிறப் பஞ்சுத்தூசு மெல்லிய போர்வைபோற் படிந்திருந்தது. உலர்ந்த பஞ்சு மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் சாயத்தொட்டியின் ஆவியும் ஐப்பசி மழையின் ஈரமும் அதில் ஊறினால், ஒவ்வோர் இழையும் ஒரு நுண்ணிய வாய்க்காலாகும். பங்குனி வெயிலில் ஒளிந்திருந்த பிழை ஐப்பசியில் தலைகாட்டியது இதனாற்போலும்.

அடுத்து அவர் செய்ததை என்றும் மறவேன். கருவியை மின்கலத்தால் இயக்கி, இளநீர் பருகும் குழல் ஒன்றை வாயில் வைத்து, சில்லுப் பலகையின் ஒவ்வோர் இடத்திலும் மெல்ல மூச்சை ஊதினார். கண்மட்டும் எண்மேல் நின்றது. மூச்சிலுள்ள ஈரம் தூய இடத்தில் பட்டால் எண் அசைவதில்லை. அழுக்குப் படிந்த இடத்தில் பட்டவுடன் எண் சரியும். பலகையின் இடப்புறம் ஊதினார், அசைவில்லை. நடுவில் ஊதினார், அசைவில்லை. மின்முனை வந்து பொருந்தும் வாய்ப்பூட்டின் அருகில் ஊதியதும் 8.5 என்றிருந்த எண் 7.9-க்குச் சரிந்தது. அயலார் எவரேனும் அப்போது உள்ளே வந்திருப்பின், குழலூதிப் பேயோட்டுகிறார் என்றே நினைத்திருப்பர்!

உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினோம். முன்னர் எவரோ ஒருவர் அவ்வாய்ப்பூட்டை மாற்றியிருக்கிறார். ஈயம் பற்றவைக்கும்போது இட்ட பிசின், துடைக்கப்படாமல் பழுப்பு நிறத்தில் ஒட்டியிருந்தது; அதன்மேற் பஞ்சு. தூய சாராயத்தில் மென்தூரிகையைத் தோய்த்து மும்முறை கழுவி, இளஞ்சூட்டுக் காற்றால் உலர்த்தினார். மீண்டும் 10 கோடி ஓம் வழியே சோதித்தார். 9.4.

“போதுமே. எஞ்சியதைச் செப்பத் திருகாணியால் 10-க்கு ஏற்றிவிடலாமே” என்றார் இளைஞர். அவர் மாலைப் பேருந்துக்குத் திரும்பவேண்டும்.

“ஏற்றலாம், ஏறும். நாளை வெயிலடித்தால் அதே கருவி 10-ஐ 10.6 என்று காட்டும். மறுநாள் மழை பெய்தால் 9 என்னும். திருகாணி பிழையைத் தீர்ப்பதில்லை, தம்பி, மறைப்பது” என்றார் என் மாணவர். அக்கருவிகளிலே செப்பத்தின் முடிவில் நூற்றுக்கு இவ்வளவு என ஓர் எண் தோன்றும்; மின்முனையும் உள்வாயிலும் எவ்வளவு நலமாயுள்ளன என்பதற்கு அஃதே அடையாளம். அது 95-க்குக் கீழ் இறங்கினால் திருகாணியைத் தொடாமல் காரணத்தை நாடவேண்டும். 9.4 காட்டிய இக்கருவிக்கு அது 80 ஆகும். அஃதாவது இன்னும் 40 கோடி ஓம் அளவில் எங்கோ ஒழுக்கு உள்ளது.

அது வாய்ப்பூட்டினுள்ளேயே இருந்தது. முன்பு மாற்றியவர் வானொலிப் பெட்டிக்குரிய மலிவான பூட்டைப் பொருத்திவிட்டார். அதன் நடுவிலுள்ள பழுப்பு நிறப் பேக்கலைட்டு, ஈரத்தை மெல்ல உறிஞ்சும் இயல்பினது. வானொலிக்கு அது போதும். ஆயிரம் ஓம்களில் நடக்கும் வாணிகத்தில் 40 கோடி ஓம் ஒழுக்கை எவர் கணக்கிடுவர்? ஈண்டு அதுவே உயிர்நிலை. அதனை அகற்றி, மெழுகுபோல் வெண்மையான டெஃப்லான் நடுவில் அமைந்த பூட்டைப் பொருத்தினார். டெஃப்லானில் நீர் தாமரையிலை நீரேபோல் ஒட்டாது நிற்கும். பிசினைக் கழுவினார், உலர்த்தினார், 10 கோடி ஓம் வழியே செலுத்தினார். 10 என்று எழுந்த எண் அவ்விடத்தே நின்றது. மூச்சை ஊதினார். அசைந்து, உடனே மீண்டது.

அன்று மாலை கருவியைக் கொடுத்தனுப்ப அவர் உடன்படவில்லை. ஈரத்துணி ஒன்றோடு கருவியை ஒரு மூடிய பெட்டியில் இரவு முழுவதும் வைத்திருந்தார். இளைஞர் முணுமுணுத்துக்கொண்டே ஊர் திரும்பி, மறுநாட் காலையில் வந்தார். யானும் முடிவு காணும் ஆவலால் சென்றேன். பெட்டியைத் திறந்து சோதித்தபோது 9.99 காட்டிற்று. அந்நூற்றில் ஒன்று, மின்னழுத்தம் வழங்கும் பெட்டியின் பிழையோ கருவியின் பிழையோ என்று கேட்டேன். “இரண்டும் சேர்ந்தது, ஐயா, அளக்கும் கோலுக்கும் ஓர் அளவுகோல் வேண்டுமே” என்றார். தம் பெட்டியை ஆண்டுக்கொருமுறை ஒத்துப்பார்க்க அனுப்புகிறாராம். ஒத்துப்பார்ப்போரின் கருவியும் பிறிதொன்றோடு ஒத்துப்பார்க்கப்படும். அத்தொடரைப் பற்றி மேலே மேலே ஏறினால் புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் சென்று நிற்கும். அங்கே வோல்ட்டு என்னும் அளவு, கடுங்குளிரில் இயங்கும் யோசப்சன் சந்திகளைக் கொண்டு நிலைநாட்டப்படுகிறது. வேல்சு நாட்டினரான யோசப்சன் அதன் தத்துவத்தை 1962-இல் கூறியபோது அவருக்கு வயது 22. கணபதித் தெருவிலுள்ள ஒரு மேசையும், திருப்பூரிலுள்ள ஒரு சாயத்தொட்டியும் அத்தொடரின் கடைக் கண்ணிகள்.

புறப்படுமுன் இளைஞர், “அப்பெரியவரிடம் என்ன சொல்வது?” என்று கேட்டார்.

“கருவி திருந்திற்று என்று சொல்லுங்கள். பி.எச். தாள் ஒரு கட்டு வாங்கி அவரிடம் கொடுங்கள். நாளுக்கு ஒருமுறை தாளை நனைத்து, நிறத்தைக் கருவியின் எண்ணோடு ஒத்துப்பார்க்கட்டும். கை வேண்டாம்” என்றார் என் மாணவர்.

பின்பு ஒரு தடித்த தாளில் கருவிக்குரிய குறிப்புகளை எழுதி, பெட்டியின் கைப்பிடியில் நூலாற் கட்டினார். செப்பம் இரண்டு எண்களில் செய்க, புட்டி மூடியிருக்க, திங்களுக்கொருமுறை 10 கோடி ஓம் வழியே சோதிக்க, ஈரப்பதம் மிகுந்த இடத்தில் வையற்க என்று நான்கு வரிகள். அதனை வாங்கிப் படித்தேன். ஈரப்பதத்தில் வல்லின றகரம் இட்டிருந்தார். அவருடைய பேனாவையே கேட்டு வாங்கித் திருத்திக் கொடுத்தேன்.